பல்லுப் பல்லாய் நின்ற ஜன்னல் ஓரம்

மச்சான்,

நேற்று மகள் வேலைக்கு விண்ணப்பிக்க எடுத்த படத்தில் பின்னணியை நீக்கித் தரச் சொன்னாள். இப்போது அதற்கு ஒரு பட்டன் போதும். அழுத்தினேன். பின்னால் இருந்த பச்சைச் சுவர் போனது. பிள்ளையின் தலைமுடியைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு மட்டும் போகாமல் நின்றது. "நல்லாத்தானே இருக்கு அப்பா, அனுப்புங்க" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சல் உன்னுடையது. அதை என் தலையில் கட்டிவிட்டு நீ போய்விட்டாய்.

அப்போது போர்க்காலம், நீ கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தாய். ஞாயிறுகளில் நாங்கள் தேவாலயத்தில் பூசை முடிந்து வர, நீ கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பாய். என்னிடம் கொம்பியூட்டர் இருந்தது, அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு இருந்தது. எனக்கு அதில் ஏறி எங்கேயாவது பறந்தால் போதும். உனக்கோ யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புப் பக்கம் இரத்மலானைக்கு உன்னை ஏற்றிவந்த அந்தச் சின்ன விமானத்தின் முன்பக்கம் வேண்டும். பாதுகாப்புக்கென்று பயணிகளின் ஜன்னல்களையெல்லாம் மூடச் சொன்ன பயணம் அது. நீ விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்து, அவருக்கு முன்னால் இருந்த மீற்றர்களையும் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டே வந்தாயாம். அதை அப்படியே வரைந்து விளையாட்டுக்குள் வைக்கப்போகிறேன் என்றாய்.

சுத்தக் கறுப்பு எங்கே இருந்தாலும் அதை வெறும் ஓட்டையாக எடுத்துக்கொள்வது அந்த விளையாட்டின் வழக்கம். கண்ணாடி இருக்கும் இடத்தைக் கறுப்பாக விட்டால் வெளியே வானம் தெரியும். நீ மீற்றர்களின் முகத்தையும் நல்ல கறுப்பில் தீட்டி வைத்திருந்தாய். ஓடவிட்டால் உயரம் காட்டும் மீற்றருக்குள்ளாலும் முகில் போனது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. எல்லா மீற்றரையும் ஒரு பொட்டு வெளிற வைத்து, மறுபடி தொடங்கினாய்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய தலையிடி. கண்ணாடிச் சட்டத்தின் வளைவு, வானத்துக்கு எதிரே பல்லுப் பல்லாய், மரம் அரியும் வாள் போல நின்றது. மென்மையாக்கினால் பற்கள் போய், சுற்றிவர வெள்ளைப் பிசிறு வந்தது. "வெள்ளைத் தாளுக்கு மேல வைச்சு மென்மையாக்கினா வெள்ளைதானே ஒட்டும், மச்சான்" என்று நீயே கண்டுபிடித்தாய். அதனால் படத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் நின்ற ஒவ்வொரு புள்ளியையும் சட்டத்தின் சாம்பலிலிருந்து கறுப்புக்குக் கிட்ட வரை கையால் மாற்றினாய். பாதியில் கரண்ட் போகும். சேமிக்காதது எல்லாம் போகும். அம்மா குசினியிலிருந்து, "பிளேனை நிப்பாட்டிப்போட்டு ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்பா. நீ இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். எனக்குக் கரண்டிலும் கோபம், உன்னிலும் கோபம்.

காலி வீதியில் இன்டர்நெட் இருந்த ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து அதை வெளிநாட்டுத் தளமொன்றுக்கு அனுப்பினோம். இப்படிப்பட்ட படங்களைச் சேர்த்து இலவசமாகப் பகிரும் தளம். நல்லது, ஆனால் ஓரம் சரியில்லை, திருத்தி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. சும்மா கொடுப்பதற்கும் இவ்வளவு எடுப்பா என்று நான் கத்தினேன்.

"எம்பசிக்காரன் ஏனெண்டே சொல்லாமல் இல்லை எண்டுறான். இவன் என்ன பிழையெண்டு சொல்லுறானே" என்றாய். உன் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு சந்தோஷத்தைக் கண்டேன். அந்த வருடம் முழுக்க யாராவது ஒருவர் உன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நீ எவ்வளவு ஏங்கியிருந்தாய் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு அந்தச் செக்பொயின்ட். ஓரத்தை வடிவாகப் பார்க்க நீ கலரில் அச்சடித்த தாள் உன் பையில் இருந்தது. "மே மொகத்த?" இது என்ன என்று பொலிஸ்காரர் கேட்டார். "கேம் எகக், சேர்", ஒரு விளையாட்டு என்றேன் நான். நீயோ உன் அரைகுறைச் சிங்களத்தில் பல்லுகளையும் வெள்ளைப் பிசிறையும் விளக்கத் தொடங்கினாய். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை, கையில் விமானப் படம், அதற்கு மேல் விளக்கம் வேறு. எங்கள் பங்குச் சுவாமி வந்து கதைத்துத்தான் பின்னேரம் விட்டார்கள். அப்பா கொம்பியூட்டரில் இருந்ததையெல்லாம் அழிக்கச் சொன்னார். உன்னிடம் ஒரேயொரு புளொப்பி மிஞ்சியது. அதில் இருந்த படத்தைத் திருத்தி முடித்து அனுப்பும்போது செய்தவர் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டாய்.

"உன்ட பேரைப் போடு" என்றேன்.

"விசர்க்கதை கதையாத. அம்மாவும் தங்கச்சியும் அங்க யாழ்ப்பாணத்தில இருக்கினம்."

ஏற்றுக்கொண்டார்கள். பெயரில்லாமல். பிறகு உனக்கு விசாவும் வந்தது. கனடாவில் இரண்டு வேலை செய்தாய், விமானத்தைப் பற்றிப் பிறகு கதைக்கவே இல்லை. போன மாரியில் உன் தங்கச்சி அழுதுகொண்டு ஃபோன் எடுத்து, நீ இனி இல்லை என்றாள்.

மகளின் படத்தை ஓரம் ஓரமாய்க் கையால் திருத்திக் கொடுத்துவிட்டு அந்தத் தளத்தைத் தேடினேன். இன்னும் இருக்கிறது. உன் படமும் இருக்கிறது. செய்தவர்: தெரியாது. போர் முடிந்து எவ்வளவு காலம், இன்னும் தெரியாதாம். இது என் நண்பன் செய்தது என்று எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். அழித்த கோப்புக்கு நான் எங்கே ஆதாரத்துக்குப் போவேன்? ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், எந்த மென்பொருளும் அப்படிச் செய்யாது, ஒருவன் இருந்து புள்ளி புள்ளியாகச் செய்திருக்கிறான் என்று எழுதினேன்.

யார் அந்த ஒருவன் என்று இன்று காலை கேட்டிருந்தார்கள்.

உன் முழுப் பெயரையும், உன் அப்பாவின் பெயரோடும் ஊரோடும், எழுதி அனுப்பிவிட்டேன். உனக்குப் பிடிக்காது, தெரியும். ஏசுவதென்றால் வந்து ஏசு.