கையைத் தேடி வந்த மீன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நைரி வணக்கத்தோடு எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? நம் பிளஃப் ஊரில் காற்று அடங்கியதா? இங்கே ஓயாத மழை. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை.

மலைகளுக்கு நடுவே நுழைந்த இந்தக் கடல் ஃபியோர்டின் மேல் தண்ணீர் தேநீர் நிறத்தில் கிடக்கிறது. அதைத் தாண்டி முக்குளித்து இறங்கினால் கறுப்புப் பவளம் பெயருக்கு மாறாக வெள்ளைவெளேரென்று நிற்கும். பயணிகளை அங்கேதான் அழைத்துப்போகிறேன். உதட்டில் தழும்புள்ள காட் மீன் ஒன்று அங்கே இருந்தது. கடல் முள்ளெலியான கினாவை உடைத்து நீட்டினால் என் கையிலிருந்தே தின்னும். பயணிகளுக்கு அது வேடிக்கை, எனக்குப் பெருமை.

சனிக்கிழமை எங்கள் படகோட்டி ராவிரி ஈட்டியோடு இறங்கி மீன் கொண்டுவந்தான்.

"நம்ம வழக்கப்படி முதல் மீனைக் கடலுக்கே கொடுத்துட்டேன், நைரி. ரெண்டாவது இது. குறி பார்க்கவே வேண்டியிருக்கல! நாய்க்குட்டி மாதிரி என் கைகிட்டயே வந்துச்சு, லூசு மீன்!"

சமைத்ததும் மரியாதைக்கு எனக்கே தலையை வைத்தான். உதட்டில் தழும்பு இருந்தது. சாப்பிட்டேன், அம்மா. ருசியாகத்தான் இருந்தது. அது முதலாவதாக வந்திருக்கக் கூடாதா?

நீ கவலைப்படாதே, வெறும் மீன்தானே. தடித்த கம்பளிக் காலுறையும் உப்புப் போட்ட டீட்டிப் பறவை இறைச்சியும் அனுப்பு. கொஞ்ச நாள் மீன் வேண்டாம். அப்பாவின் கறுப்புக் கையுறையையும் மறக்காமல் வை. படகில் எனக்கும் ராவிரிக்கும் எல்லோருக்கும் ஒரே மஞ்சள் கையுறைதான். அதைக் கண்டாலே இப்போது குட்டி மீன்களும் ஓடி வருகின்றன.

ராவிரி கூப்பிடுகிறான், போகிறேன்.

உன் நைரி