கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் முன்

ஏங்க,

போனில் கார் விளையாட்டு ஆட வாங்கிய அந்த கேம் கன்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை.

நேற்று நீங்கள், "அமுக்குறேன், கார் நகரவே மாட்டேங்குது. நீ பொறுக்கி எடுத்த சாமான் வேற எப்படி இருக்கும்?" என்றீர்கள். நான், "ஓட்டத் தெரியலைன்னு சொல்லுங்க" என்றேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷரிடம் அப்படிச் சொன்னது என் தப்புதான். அதற்காக இன்னும் பேசாமலேயா இருப்பது?

இன்று காலை நீங்கள் ஹாலில் அமுக்க அமுக்க, சமையலறையில் என் போனில் கார் ஓடிக்கொண்டிருந்தது! நேற்று நீங்கள் அதைத் தொடும் முன்பே, குளிக்கப் போயிருந்தபோது, நான் திருட்டுத்தனமாக விளையாடிப் பார்த்தேன். அதிலிருந்து அது புளூடூத்தில் என் போனையே பிடித்துக்கொண்டுவிட்டது.

என் போனோடு தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். நடக்கப் போன நீங்கள் திரும்பியதும், கன்ட்ரோலரின் நடு பட்டனை விளக்கு மின்னும்வரை அமுக்கிப் பிடியுங்கள். உங்கள் போனில் புளூடூத்தைப் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. பதினொரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். கார் ஓட்டும் மும்முரத்தில் கதவைத் திறக்காமல் இருந்துவிடாதீர்கள்.

மறந்துவிட்டேன்: உறையைக் கழற்றினால்தான் போன் கன்ட்ரோலரின் பிடிக்குள் உட்காரும்.

இன்னொன்று: காலையில் உங்கள் கையில் என் கார் ஏழு தடவை சுவரில் முட்டியது. யாரிடமும் சொல்ல மாட்டேன், சாயங்காலம் நீங்களே முதலில் பேசினால்.