நடுவில் நின்று பேசியவள்

ஸ்வெட்டர்களை வெயிலில் போடலாமென்று இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனைக்கு நடுவே, அடியில் விரித்திருந்த தாள்களில் அந்தப் பள்ளிக்கூட நோட்டீஸும் கிடந்தது. சைக்ளோஸ்டைல் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது: மேல்வகுப்புகளில் தமிழ்வழிப் பிரிவைத் தொடர்வது குறித்துப் பெற்றோர் கூட்டம், ஞாயிறு காலை பத்து மணி. கீழே பென்சிலில் நீ எழுதியிருந்தாய்: "ஒம்பதரைக்கே வந்துரு. சேந்தே போவோம்."

ஸ்வெட்டர்கள் கட்டிலில் அப்படியே கிடக்கின்றன. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, வேலை செய்யவும் ஓடவில்லை. எழுதிவிட்டாவது எழுந்திருக்கிறேன்.

அப்போது தில்லியில், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வீடு நமக்கு. நீ திருநெல்வேலி, நான் கும்பகோணம். நீ "வாரேன்" என்று சொன்னால் என் பையன் சிரிப்பான். அவன் தமிழைக் கேட்டு நீ சிரிப்பாய். உன் மகளும் அவனும் எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சு வரிசை. நாம் இருவரும் வேறு வேறு அமைச்சகம், ஆனால் ஒரே பஸ். ஆபீஸில் என் வேலை ஃபைலில் குறிப்பு எழுதுவது. ஒரு பக்கம் இப்படி, மறு பக்கம் இப்படி, மேலதிகாரியின் ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது. அந்தப் பழக்கம் பேச்சிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஏட்டி, சாம்பாரா புளிக்குழம்பான்னு கேட்டாலும் நோட்டு போட்டுத்தான் சொல்லுவியா?" என்று கேலி செய்வாய். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீதான் முதலில் எழுந்தாய். ஒன்பதாவதிலிருந்து தமிழ்வழிப் பிரிவு கட்டாயம் வேண்டும் என்றாய். காரணங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாய். ஆனால் தாளைப் பார்க்கவேயில்லை. "எம்மவ கனாக் காணுததே தமிழ்லதான். அவளைப் போயி வேற பாஷைல யோசின்னு எப்படிச் சொல்லுவேன்?" என்றபோது உன் குரல் உடைந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

அடுத்து நான் எழுந்தேன். "உணர்ச்சியை ஒதுக்கி வெச்சுட்டுப் பார்ப்போம். எனக்கு எந்தப் பக்கமும் சாய்வு இல்லை" என்று ஆரம்பித்தேன். தாய்மொழியில் படித்தால் பாடம் ஆழமாகப் பதியும் என்று உன் பக்கத்தை உன்னைவிட அழகாகவே சொன்னேன். பிறகு கல்லூரி, வேலை, ஊர் ஊராக வரும் மாற்றல் உத்தரவு என்று மறு பக்கத்தையும் சொன்னேன். முடிவு அவரவர் கையில் என்று சொல்லி உட்கார்ந்தேன். அறையே தலையாட்டியது. ஓட்டு எடுத்தார்கள். பிரிவு வேண்டுமென்று ஏழெட்டுக் கைகள்தான் உயர்ந்தன. நான் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. வெளியே வந்ததும், "நீ பேசினது நல்லாத்தாம் இருந்துச்சு" என்றாய். அதில் துளி கசப்பு இல்லை. அன்று உனக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தையற்கடையில் நீ ஜாக்கெட் வாங்க நின்றிருந்தாய். நான் உள்ளே நுழைந்ததும் மாஸ்டர்ஜி சாம்பல் நிறப் பேண்டையும் மோனோகிராம் தைத்த சட்டையையும் எடுத்துப் போட்டார். அது நம் பள்ளிக்கூடத்துச் சட்டை இல்லை. "ஒரு மாசமா துணி இங்கேயே கிடக்கு பெஹன்ஜி, ஜல்தி ஜல்தின்னு சொல்லிட்டு நீங்க வரவே இல்லை" என்று அவர் இந்தியில் குறைப்பட்டார்.

நீ அந்தச் சட்டையைப் பார்த்தாய். உன் உதடுகள் மெல்ல அசைந்தன. நாள் கணக்குப் பார்க்கிறாய் என்று புரிந்தது. கூட்டத்துக்கு முன்னாலேயே என் பையனுக்கு இங்கிலீஷ் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டிருந்தது. ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

அதற்குப் பிறகு எட்டொன்பது மாதம் பேச்சில்லை. ஒரே பஸ்ஸில் நீ முன்னால் உட்காருவாய், நான் பின்னால். உன் மகள் ஒன்பதாவதில் இங்கிலீஷோடு மல்லாடுகிறாள், கணக்கில் தோற்றுவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எதிர்வீட்டிலிருந்து வந்து விசாரிக்க எனக்குக் கால் வரவில்லை.

ஜனவரியில் ஒரு காலை. பனிமூட்டத்தில் பஸ் ஸ்டாப் கம்பம்கூடத் தெரியவில்லை. பஸ் வருகிற வழியாக இல்லை. நீயும் நானும் மட்டும் நின்றிருந்தோம். நீதான் பேச்சை எடுத்தாய்.

"நீ அன்னிக்குச் சொன்ன நியாயத்துல தப்பில்லட்டி. என் வீட்டுக்காரரும் அதேதான் சொல்லுதாரு. ஆனா உன் மவனுக்கு இடம் வாங்கிட்டேங்கிறதையும் சேத்துச் சொல்லியிருக்கணும்."

"சொன்னா யாரு என் பேச்சைக் கேட்டிருப்பா?"

"கேக்கலைன்னா போகட்டும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "குழந்தைகள் படிப்பைப் பத்திப் பேசறப்போ கொஞ்சம் விலகி நின்னு பேசறது தப்பா? நீ அழுதுண்டே பேசினது மட்டும் நியாயமா?"

நீ சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாய். "நான் அழுதது எல்லாருக்கும் தெரிஞ்சுது. எந்தப் பக்கத்துல இருக்கேன்னு பாத்து எம்பேச்சை எடைபோட்டுக்கிட்டாங்க. நீ பயந்தது யாருக்கும் தெரியலையே."

பஸ் வந்தது. நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். மறுபடி அந்தப் பேச்சை நாம் எடுக்கவேயில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் சேர்ந்து போனோம், சின்ன வெங்காயம் வாங்கினோம், சினிமாவுக்குப் போனோம். நீ மன்னித்துவிட்டாய் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

உன்னிடம் சொல்லாதது இதுதான். அந்தப் பிரிவு வந்திருந்தால் நான் பையனை வேறு பள்ளிக்குக் கொண்டுபோனதை எல்லோரும் பேசியிருப்பார்கள், நீ முதற்கொண்டு. பிரிவே இல்லையென்றால் கேள்வியும் இல்லை. ஒரு பக்கம், மறு பக்கம் என்று நான் அளந்து பேசியதெல்லாம் அதற்காகத்தான். கூட்டத்தில் பேசும்போது எனக்கே அது தெரியாது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். தெரியும்.

உன் மகள் எஞ்சினியராகி ஃபரீதாபாத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆகவே நான் சொன்னது பலித்தது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி வரவேண்டும். வரவில்லை.

போன மாதம் நம் காலனிப் பூங்காவில் பிள்ளையார் கோயில் கட்டலாமா என்று கூட்டம் போட்டார்கள். "மாமி நடுநிலையா சொல்வாங்க" என்று என்னை எழுப்பினார்கள். "எனக்குக் கோயில் வேண்டாம். எனக்குச் சாமி நம்பிக்கை குறைச்சல், என் ஜன்னலும் அந்தப் பக்கம்தான், சத்தம் ஆகாது. இதை வெச்சுண்டு மீதியைக் கேளுங்கோ" என்றேன். மீதியை ஒருவரும் கேட்கவில்லை. "அச்சா, ஜன்னல்தான் விஷயமா!" என்று சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து, விலகி நின்று பேசியிருந்தால் நாலு பேராவது கேட்டிருப்பார்களே என்று புரண்டுகொண்டிருந்தேன். நீ சொன்ன வழியிலும் எனக்குத் தூக்கமில்லை. இருந்தாலும் வேறு மாதிரி பேச இப்போது வாய் வருவதில்லை.

பையனுக்கு இந்தக் கடிதத்தைப் படிக்க வராது; எட்டாவதோடு விட்ட தமிழ் எழுத்து இத்தனை வருஷத்தில் மறந்தே போயிற்று. இன்று மதியம் நோட்டீஸைக் கையில் வாங்கி, படம் பார்ப்பதுபோல் பார்த்தான். என்ன நோட்டீஸ் என்று நான் சொன்னதும் கேட்டான்: "என்னை ஏம்மா ஸ்கூல் மாத்தினே?" "ஒரு பக்கம் உன் படிப்பு, மறு பக்கம் அப்பாவோட மாற்றல்..." என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி, "பயமா இருந்துதுடா" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "கிஸ்ஸே?" என்றான். யாரைக் கண்டு என்று கேட்கிறான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில்தான் இருக்கிறான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.