வாசலில் தூக்கிய கால்

மகள் நேற்று எனக்கு ஒரு சோடி கம்பளிச் செருப்பு வாங்கி வந்தாள். மோர்னிங்சைட் கடையில் மலிவாம். அடியில் ரப்பரும் இல்லை, ஆணியும் இல்லை. அழுத்திய கம்பளி மட்டும். போட்டுக்கொண்டு நடந்தால் சத்தமே வராது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஈர ஆட்டுமயிர் நாற்றம். அந்த நாற்றத்தோடு நீங்களும் வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள்.

இந்த மடலில் உங்களைத் துரை என்று அழைக்கமாட்டேன். நாலு வருடம் அப்படி அழைத்தது போதும்.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் திருகோணமலைக்கு வடக்கே நீங்கள் வந்திறங்கிய இடத்தில் பாலை மரங்களும் யானைத்தடமும்தான் இருந்தன. நீங்கள் இராணுவப் பொறியியலாளர். முப்பது வயதுகூட இருக்காது. ஒரு சுருள் வரைபடத்தோடு வந்தீர்கள். இரண்டு வருடத்தில் கடைசல் பட்டறை, உலைக்களம், குண்டுக்கு மருந்து நிரப்பும் கொட்டில்கள் எல்லாம் எழும்பிவிட்டன. யாழ்ப்பாணத்து நகைப்பத்தர்களைக் கூட்டிவந்து, தாலிக்கொடி செய்த விரல்களுக்குக் குண்டின் நுனிப்பொறியைப் பொருத்தப் பழக்கினீர்கள். கெட்டிக்காரர்தான். அதை நான் மறுக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், உங்கள் பெட்டிகளில் ஒட்டியிருந்த எச்சரிக்கைகளை எழுத்துக்கூட்டித்தான் ஆங்கிலம் கற்றேன். முதலில் கற்ற சொல் ‘ஆபத்து’.

எனக்கு நீங்கள் தந்த வேலை மருந்துக் கொட்டிலின் வாசல். உள்ளே போகிற எவனும் சப்பாத்தைக் கழற்றி, நுனி வெளியே பார்க்க வைக்க வேண்டும். ஓட வேண்டி வந்தால் நேரே காலை நுழைப்பதற்காக. பிறகு கம்பளிச் செருப்பு; இரும்பு கல்லில் உரசி ஒரு பொறி பறந்தாலும் மருந்து வெடிக்கும். பைகளை வெளியே இழுத்துக் காட்டி, இரும்பு, நெருப்புப்பெட்டி எது இருந்தாலும் என் தட்டில் போட வேண்டும். கடைசியாக ஒவ்வொரு காலாகத் தூக்கிக் காட்ட வேண்டும். நான் ‘சரி’ என்று சொன்னால்தான் உள்ளே போகலாம். விதியை எழுதியவர் நீங்கள். முதல் ஆளாய்க் காலைத் தூக்கிக் காட்டுவதும் நீங்கள்தான். “பார், தம்பி” என்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த தமிழில் பாதி அது. பதினெட்டு வயதில் ஒரு வெள்ளைக்காரனின் பாதத்தைச் சோதித்துச் ‘சரி’ சொன்னவன் நான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

ஐம்பது வருடத்துக்குப் பிறகு, கடல் கடந்து வந்த இந்தக் குளிர் ஊரில், என் மகள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“அப்பா, எங்கட ஹோம்ல ஒரு வெள்ளைக்காரக் கிழவர். எந்த அறை வாசலுக்குப் போனாலும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள போவார். உங்கட திருகோணமலையில இருந்தவராம். எங்கட ஆக்களிட்ட நல்ல பழக்கம் பழகியிருக்கிறார். நீங்கள்தான் பனிச்சப்பாத்தோட ஹோல் முழுக்கச் சேறு பூசுறியள்.”

நான் சிரிக்கவில்லை. “எந்தப் பக்கம் பாக்க வைக்கிறவர்?” என்று கேட்டேன்.

“என்ன?”

“சப்பாத்து. நுனி எந்தப் பக்கம்?”

அவள் யோசித்தாள். “வெளிய பாக்கத்தான். ஏன்? பிறகு அறைக்குள்ள முழங்காலிலை இருந்து தரையைத் தடவுவார். என்னத்தைத் தேடுறார் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் அவள் இல்லத்துச் சுவரில் ஒட்டியிருந்த தாளின் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தாள். மாதம் ஒருவரின் கதையை அங்கே ஒட்டுவார்களாம். உங்கள் இளவயதுப் படம். கீழே, மூன்று குடியேற்ற நாடுகளில் வெறுங்காட்டில் ஆயுதத் தொழிற்சாலைகளைக் கட்டியவர் என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே: இவருடைய மேற்பார்வையில் ஒரு தொழிலாளியின் உயிரும் போனதில்லை.

என் அண்ணன் கனகசபையின் உயிர் உயிரில்லையா? அவரோடு போன இரண்டு பேருடைய உயிர்?

அன்று காலை அண்ணை வாசலில் சுருட்டையும் நெருப்புப்பெட்டியையும் என் தட்டில் போட்டுவிட்டுத்தான் போனார். “பத்திரமடா, எண்ணி வைச்சிருக்கிறன்” என்று பகிடி விட்டார். பிறகு நீங்கள் வந்தீர்கள், பார்வையிட வந்த மேலதிகாரி ஒருவரோடு. அவசரம். இரண்டு பேரும் ஆணி அடித்த சப்பாத்தோடு நேரே உள்ளே போனீர்கள். நீங்கள் காலைத் தூக்கவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது கற்படியில் நின்று உங்கள் சப்பாத்தின் அடியைப் பார்த்தீர்கள். ஓர் ஆணி இல்லை. ஓட்டை மட்டும் இருந்தது. கொட்டிலைத் திரும்பிப் பார்த்தீர்கள். மேலதிகாரி கூப்பிட்டார். போய்விட்டீர்கள். உள்ளே பீப்பா இழுபடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. இடது காது இன்றைக்கும் கேட்காது.

தொழிலாளி ஒருவன் நெருப்புப்பெட்டியை ஒளித்துக் கொண்டுபோனான் என்று விசாரணையில் முடிவாயிற்று. அண்ணைக்கு ‘நெருப்புப்பெட்டிக் கனகு’ என்று பெயர் வந்தது. செத்த மற்ற இருவரின் வீட்டார் எங்கள் வீட்டு வாசற்படலையில் மண் அள்ளி எறிந்தார்கள். அண்ணி சாகும்வரை தலை நிமிரவில்லை.

அந்தப் பெயரை அழிக்கத்தான் உங்களிடம் வந்தேன், ஒரு பிற்பகலில், இரண்டு பஸ் மாறி. கேட்க வேண்டியதையெல்லாம் ஆங்கிலத்தில் பாடமாக்கியிருந்தேன்.

நீங்கள் உங்கள் அறை வாசலுக்கு வந்தீர்கள். நான் கதவு நிலையோடு சாய்ந்து நின்றேன். சப்பாத்தைக் கழற்றினீர்கள். நுனியை வெளியே திருப்பி வைத்தீர்கள். இரண்டு பைகளையும் நாக்குப் போல வெளியே இழுத்தீர்கள். ஒரு பொத்தானையும் ஒரு மின்ட் இனிப்பையும் என் உள்ளங்கையில் வைத்தீர்கள். பிறகு நிலையைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினீர்கள்.

“பார், தம்பி.”

அதே குரல். ஐம்பது வருடம் அதைத் தொடவேயில்லை. பாடமாக்கியதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

“இல்லை,” என்றேன். “சரியில்லை.”

நீங்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய், அறைக்கு வெளியே நடையில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தீர்கள்.

நாலாம் நாள் மகள் கத்தினாள். “அப்பா, அந்தாளுக்கு என்ன சொன்னனீங்கள்? அறைக்குள்ள கால் வைக்கிறாரில்லை. கதிரையிலதான் நித்திரை. தூக்கிக்கொண்டு போய் விட்டாலும் குழறி அழுறார்.”

“அந்தத் தாளில எழுதியிருக்கிறதை மாத்தட்டும். பிறகு போகலாம்.”

“அந்தாளுக்குத் தன்ர பேரே தெரியாது!”

“என்னைத் தெரியும்.”

“ரெண்டு கிழடுக்கும் ஒரே பிடிவாதம். நடுவில நான்தான் டபுள் ஷிப்ட் அடிக்கிறன்.”

அடுத்தநாள் அந்தத் தாளோடு வந்தேன். நீங்கள் கதிரையில் சுருங்கிப்போய் இருந்தீர்கள். உயிர் எதுவும் போனதில்லை என்ற வரியில் விரலை வைத்துப் பேனாவை நீட்டினேன். கரண்டி பிடிக்கவே நடுங்கும் கை என்று மகள் சொல்லியிருந்தாள். பேனா பட்டதும் நடுக்கம் நின்றது. அந்த வரியின் மேலேயே கொட்டிலின் வரைபடத்தை வரைந்தீர்கள், அளவுகோல் வைத்ததுபோல. சுவர், கற்படி, பீப்பா அடுக்கு. உள்ளே மூன்று சிலுவைக் குறி. அவ்வளவுதான் நான் கேட்டு வந்தது.

நீங்கள் நிறுத்தவில்லை. வாசலுக்கு வெளியே ஒரு சின்ன வட்டம் போட்டு, அதைச் சுற்றிச் சுற்றி இன்னும் கறுப்பாக்கினீர்கள்.

“உது ஆர்?” என்று தமிழிலேயே கேட்டேன்.

பேனா முனையை என் நெஞ்சில் வைத்தீர்கள்.

அப்படியென்றால் நீங்களும் மறக்கவில்லை. விசாரணையில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: அன்று வாசலில் எல்லாம் சரியாக இருந்ததா? நீங்கள் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “சரி, துரை,” என்றேன். வாசல் சரி என்றால் பிழை உள்ளே செத்தவர்களில்தானே இருக்க வேண்டும்? அண்ணையின் நெருப்புப்பெட்டி அப்போதும் என் தட்டில் இருந்தது. அன்று பின்னேரமே அதைக் கடலில் எறிந்தேன். இதை என் மகளுக்குக்கூட நான் சொன்னதில்லை.

நீங்கள் மெல்ல எழுந்து வாசலுக்கு நடந்து, மறுபடியும் காலைத் தூக்கினீர்கள். வயதான, நீலம் பாரித்த பாதம். அதில் ஓர் ஆணியும் இல்லை. நான் வெகுநேரம் பார்த்தேன். கடைசியில் அந்தச் சொல்லைச் சொன்னேன். உள்ளே போய்ப் படுத்தீர்கள். அதன்பிறகு தரையைத் தடவவில்லையாம். பத்தாம் நாள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

உங்களை மன்னித்துத்தான் அதைச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு மனிதனை வாசலில் நிறுத்தும் தகுதி எனக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான். வரைந்த தாளை நானே சுவரில் ஒட்டினேன். மாதம் முடிய எடுத்துவிட்டார்கள். இப்போது அது என்னிடம் இருக்கிறது.

இன்று காலை புதுச் செருப்பை வாசலில் கழற்றினேன். நுனி வெளியே பார்க்க வைத்தேன். பைகளை வெளியே இழுத்தேன். எனக்கே தெரியாமல் ஒரு கால் மேலே எழுந்துவிட்டது.

“அப்பா, ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? குளிர் உள்ள வருது, கதவைப் பூட்டுங்கோ,” என்றாள் மகள்.

நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள் யாரோ என் பாதத்தைக் கவனமாகப் பார்ப்பதுபோல இருந்தது. கால் கடுக்கும்வரை காத்திருந்தேன். ஒருவரும் ‘சரி’ சொல்லவில்லை.