புதைந்த வண்டிக்குள் சொன்னது

மச்சாள்,

பாயிலர் திருத்த ஆள் வருகிறார் என்று இன்று காலை படிக்கட்டுக்குக் கீழே உள்ள அலுமாரியை ஒதுக்கினேன். பழைய குடைகளுக்குள் ஒரு தொப்பி அகப்பட்டது. விளிம்பைச் சுற்றிப் பச்சை வலை. முகத்தில் ஈ மொய்க்காமல் இருக்க நீங்கள் வாங்கித் தந்தது. உதறியதும் கம்பளத்தில் செம்மண் கொட்டியது. துடைக்கத் துடைக்கப் பரவியது. வந்த மனிதர் அதைப் பார்த்து மிளகாய்த் தூளா என்று கேட்டார். இல்லை, அவுஸ்திரேலியா என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

நீங்கள் கண்மூடி நான்கு மாதம் ஆகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. இப்போது அது இல்லை.

அந்தத் தொப்பி போட்ட பாலைவனப் பயணம் 2009 ஆடி மாதம். அந்த வருட வைகாசி நடுவில் வன்னியில் போர் முடிந்த பிறகு நம்மவர் வீடுகளில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, சிரிக்கவில்லை. அப்படி ஒரு நாளில்தான், பதினொரு வருடத்துக்குப் பிறகு, அடிலெயிட்டிலிருந்து நீங்கள் போன் எடுத்தீர்கள். இங்கே லண்டனில் பதில் சொன்னவர் உங்கள் தம்பி, என்னவர். “அக்கா” என்று ஒரு சொல்தான் அவர் வாயிலிருந்து வந்தது. பிறகு அழுகை. அடுப்படியில் நின்ற எனக்கும் அது கேட்டது. அடுப்பில் கறி அடிப்பிடிக்க விட்டுவிட்டு நின்றேன். அவர் நினைத்தது போலச் சந்தோசத்தில் அல்ல, பயத்தில்.

“இருக்கிற ஆக்களாவது ஒருத்தரை ஒருத்தர் பாக்கவேணும். ரெண்டு பேரும் வெளிக்கிட்டு வாங்கோ” என்றீர்களாம். இவர் அடுத்த நாளே பயணச்சீட்டுப் போட்டார்.

உங்கள் ஊரில் குளிர்காலம்தான் பாலைவனத்துக்குப் போகும் காலம் என்று வந்த பிறகுதான் அறிந்தேன். மூன்று பெரிய வண்டிகள். முன்வண்டியில் உங்கள் கணவரும் என்னவரும். நடுவண்டியில் உங்களோடு வேலை செய்த டொக்டரும் அவர் மனைவியும் சின்ன மகளும். கடைசி வண்டியை நீங்கள் ஓட்டினீர்கள், மணலில் ஓட்ட உங்களைவிடக் கெட்டிக்காரர் அங்கே இல்லை என்பதால். உங்கள் பக்கத்தில் நான்.

மூன்று நாள் பக்கத்தில் இருந்தோம். “நீர் தண்ணி குடிச்சனீரோ?” “உமக்குக் குளிருதோ?” அவ்வளவுதான் பேச்சு. மரியாதையான பேச்சு. ஒவ்வொரு முறை நீங்கள் தொண்டையைச் செருமும்போதும், இதோ கேட்கப் போகிறீர்கள் என்று நான் கதவுப் பிடியை இறுக்கினேன். வெளியே ஓடிய நிலத்தை நான் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பாதை பிரியும் இடத்தில் பிழை நடந்தது. பிரியும் இடங்களில் முன்னால் போகிற வண்டி பின்வண்டி கண்ணில் படும்வரை நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. டொக்டரின் மகள் வயிறு பிரட்டிச் சத்தி எடுத்த பதற்றத்தில் அவர்கள் நிற்கவில்லை. தூரத்தில் எழுந்த புழுதியை அவர்களுடையது என்று நம்பி நாங்கள் பின்னால் போனோம். அரை மணித்தியாலம் கழித்துத்தான் அது மாடு ஏற்றும் லொறி என்று தெரிந்தது. திரும்ப முயன்றபோது, காய்ந்த ஆற்றுப் படுக்கையில் பின் சில்லு இரண்டும் அச்சுவரை புதைந்தன. மண்வெட்டியால் தோண்டினோம். தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. வண்டிகளுக்கிடையே பேசும் ரேடியோவில் வெறும் இரைச்சல். போனில் சிக்னலே இல்லை.

அந்த லொறி போன திசையில் நடந்து பார்ப்போமா என்று கேட்டேன்.

“வண்டியை விட்டு நூறு அடி தாண்டப்படாது. நடந்த ஆக்களைத்தான் பிறகு தேடி எடுக்கிறது” என்றீர்கள்.

முதல் நாள் வெடித்த ரயரை உருட்டிவந்து, டீசலை ஊற்றிக் கொளுத்தினீர்கள். கறுப்புப் புகை நேராக மேலே போனது. அதைப் பார்த்தபடி வண்டிக்குள் ஏறி இருந்தோம். தண்ணீர் நிறைய இருந்தது. சாப்பாடும் இருந்தது. பயந்தது அதற்கல்ல. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, இனி என்ன நடந்தாலும் இதைச் சொல்லாமல் போகக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

“மச்சாள், அண்டைக்கு அவர் அப்பிடிச் சொல்லேல்லை.”

எதைச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை.

நாங்கள் கலியாணம் முடித்த முதல் வருடம் மூன்று தரம் போன் எடுத்தீர்கள். மூன்று தரமும் பதில் சொன்னது நான். அவருக்காக நீங்கள் அடிலெயிட்டில் விசாவுக்கெல்லாம் எழுதி, ஒரு அறையும் ஒழுங்குபண்ணி வைத்திருந்தபோதுதான் அவர் உங்களிடம் சொல்லாமல் என்னை முடித்தார். அந்த விசா அப்போதும் செல்லுபடியாகும் என்று எனக்குத் தெரியும்; உங்கள் குரலைக் கேட்டால் என்னை விட்டுப் போய்விடுவாரோ என்று பயந்தேன். எனக்கு இருபத்துநான்கு வயது. லண்டனில் எனக்கென்று அவரைத் தவிர யாரும் இல்லை. முதல் இரண்டு தரமும் அவர் வேலைக்குப் போய்விட்டார் என்றேன். மூன்றாம் தரம், “அவருக்கு உங்களோட கதைக்க விருப்பமில்லையாம்” என்றேன். நீங்கள் எடுத்ததையே அவரிடம் சொல்லவில்லை. அக்கா கோபத்தில் இருக்கிறா என்று அவரும் கூச்சத்தில் இருந்துவிட்டார்.

“தெரியும்” என்றீர்கள்.

“எப்ப தெரியும்?”

“இந்த வைகாசி. அவன் போனிலை அழேக்கை. கதைக்க விருப்பமில்லாதவன் அப்பிடி அழமாட்டான்.”

“பிறகு ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?”

“நீர் சொல்லுவீரோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

கதவைத் திறந்து இறங்கினீர்கள். புகையைச் சுற்றி நடந்தீர்கள். ஒரு தரம் நின்று, சில்லைக் காலால் உதைத்தீர்கள். கண்ணாடிக்குள்ளால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பி ஏறினீர்கள். முகம் முழுவதும் புழுதி. அதில் கண்ணீர் ஓடிய இரண்டு கோடு.

“எனக்குக் கோவம்தான். இல்லையெண்டு சொல்லமாட்டன். பதினொரு வருசம். உன்னை இஞ்ச இறக்கிவிட்டிட்டுப் போகலாம் எண்டுதான் நினைச்சனான். என்ன செய்ய, வண்டி புதைஞ்சு கிடக்கு.”

முதலில் சிரித்தது நீங்களா நானா என்று இப்போதும் தெரியவில்லை. மூன்று நாளும் “நீர்” என்று கதைத்த நீங்கள் “உன்னை” என்று சொன்னதைச் சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். தண்ணீர்ப் போத்தலை நீட்டினீர்கள். “குடி. உதடு வெடிச்சுக் கிடக்கு.”

சூரியன் இறங்குவதற்குள் ஹோர்ன் சத்தம் கேட்டது. புகையைப் பார்த்து வந்திருந்தார்கள். வண்டி நிற்கும் முன்பே குதித்து ஓடிவந்த உங்கள் தம்பி யாரை முதலில் பிடிப்பது என்று தெரியாமல் இருவரையும் சேர்த்துப் பிடித்தார். அந்தக் குழப்பத்துக்குள் நீங்கள் என் காதோடு சொன்னீர்கள்: “அவனுக்கு நான் சொல்லமாட்டன். சொல்லவேண்டிய ஆள் நீ. உனக்கு ஏலுமான அண்டைக்குச் சொல்லு.”

மறுநாள், வழியில் வந்த முதலாவது மணல்மேட்டில் மூன்று வண்டிகளையும் வரிசையாக நிறுத்தினோம். சிவப்பு மேட்டுக்குப் பின்னால் சிவப்பு மேடு, கண் எட்டும்வரை. என் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே இருந்த அவ்வளவு பெரிய உலகத்தை அன்றுதான் கண்டேன். நீங்கள் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உச்சிவரை ஓடினீர்கள், ஐம்பது வயதில்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறு காலையும் உங்கள் போன் வந்தது. முதலில் என்னோடு, பிறகுதான் தம்பியோடு. ஒரு தரம்கூட “சொல்லிட்டியோ?” என்று நீங்கள் கேட்கவில்லை. எனக்குத்தான் ஏலவில்லை. நீங்கள் சிரித்துக் கதைக்கக் கதைக்க இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டேன்.

போன கிழமை உங்கள் தம்பியிடம் சொன்னேன். பின்னேரம், சாப்பாட்டு மேசையில். முழுவதையும் சொன்னேன்.

எழுந்து வெளியே போனார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் வாண்டில் ஆற்றங்கரையில் நடந்திருக்க வேண்டும், சப்பாத்தெல்லாம் சேறு. இரண்டு மணித்தியாலம் கழித்து வந்து எதிரே இருந்தார்.

“அக்காவுக்குத் தெரியுமோ?”

“ஓம். புதைஞ்சு கிடந்த அண்டையிலிருந்து.”

“தெரிஞ்சுகொண்டோ உம்மோட ஒவ்வொரு ஞாயிறும் கதைச்சவ?”

“ஓம்.”

மூன்று நாள் தேவைக்கு மட்டும் பேசினார். அது அவருடைய உரிமை. நானும் அதைக் குறைக்கப் பார்க்கவில்லை. கோபத்தை மறைக்காமலே ஒருவர் பக்கத்தில் இருக்கலாம் என்று எனக்குக் காட்டியது நீங்கள். உங்களிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். அதனால்தான் அந்த மூன்று நாளும் பயப்படாமல் இருந்தேன். நெஞ்சிலே இருந்த கனம் போய், நல்ல நித்திரைகூட வந்தது.

நேற்று ஞாயிறு. நீங்கள் போன் எடுக்கும் நேரம். இருவரும் வரவேற்பறையில் வந்து இருந்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் அடிலெயிட்டுக்கு, உங்கள் கணவருக்கு, போன் எடுத்தார். மறுபக்கம் மணி அடித்தது. “ஹலோ” என்று குரல் கேட்டதும், கையிலிருந்த போனை என்னிடம் நீட்டினார்.

“இந்தாரும். முதல் நீர் கதையும்.”