ஜூனோவின் குளம்புச் சூடு

ஜூலை 6

அந்தி சாய்ந்ததும் ஆற்றுப் பூச்சிகள் வந்துவிட்டன. போடோமாக் ஆற்றிலிருந்து புகை மாதிரி எழும்பி, லாயத்து விளக்கை மொய்த்து, செத்துச் செத்து உதிர்ந்தன. காலடியில் நொறுநொறுவென்றது. தண்ணீர்த் தொட்டியில், வைக்கோல் மேல், எங்கும். கிளைட் சிரித்தார்: "இத்தனை வருஷமா ஆத்தங்கரையில என்கூட குடித்தனம் பண்றே, இன்னும் பூச்சியப் பார்த்தா மூஞ்சியச் சுளிக்கிறியே வெர்னா!" குதிரைகள் இரண்டும், ஜூனோவும் பிக்கெட்டும், தலைநிமிராமல் தின்றுகொண்டே இருந்தன.

ஜூலை 17

ஜூனோ தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காய்ச்சல். வயிற்றில் காதை வைத்தேன். குதிரை வயிறு சும்மாவே இருக்காது, இரைந்துகொண்டே இருக்கும். இன்று ஒரு சத்தமும் இல்லை. ஆள் காலி செய்த வீட்டுச் சுவரில் காது வைத்த மாதிரி.

ஜூலை 18

சத்தம் திரும்பிவிட்டது. தண்ணீராகக் கொட்டுகிறது. கால்நடை டாக்டர் மார்கிட் வந்தார். "குடல் வெந்து போயிருக்கு. ஆனா எனக்குக் குடலைவிடக் குளம்பு மேலதான் பயம்." குடலின் நஞ்சு இரத்தத்தில் கலந்து குளம்புக்கு இறங்குமாம், உள்ளே எலும்பைப் பிடித்திருக்கும் சதை விட்டுப்போகுமாம். பிறகு கேட்டார்: "ராத்திரியில இங்க விளக்கு எரியுதா?"

"ஆமா. இருட்டுன்னா பிக்கெட் மிரளுவான்" என்றார் கிளைட்.

"இனிமே வேண்டாம். நோய் விளக்குக்கு வர்ற அந்தப் பூச்சிக்குள்ள இருக்கு. வைக்கோலோட சேர்த்துத் தின்னிருக்கு."

கிளைட் எழுந்துபோய், அணைக்கிற நினைப்பில், சுவிட்சை அழுத்தினார். நல்ல பகல். அதுவரை அணைந்திருந்த விளக்கு எரிந்தது.

ஜூலை 20

நஞ்சு குளம்புக்கு இறங்காமலிருக்க ஜூனோவின் நாலு காலிலும் ஐஸ் கட்டியிருக்கிறோம். தாமதமாகிவிட்டதா? முன்குளம்புகள் சுடுகின்றன. அதற்கு மேலே விரல் வைத்தால் நாடி தட்டுகிறது— உள்ளே யாரையோ வைத்துப் பூட்டினது மாதிரி. முன்கால்களை நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கிறது ஜூனோ. எதிரே எதையோ கண்டு ஒதுங்குகிற நிலை. நானும் திரும்பிப் பார்த்தேன். வெறும் கதவு.

ஜூலை 21

பிக்கெட்டுக்கும் காய்ச்சல். கடவுளே.

ஜூலை 22

எக்ஸ்ரே பார்த்தாயிற்று. ஜூனோவின் குளம்பெலும்பு கீழே திரும்பிவிட்டது. பாதத்தைக் குத்திக்கொண்டு வெளியே வருமாம். "போதும்னு நினைக்கிறேன். நீங்க சொல்லணும்" என்றார் மார்கிட். கிளைட் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் தலையாட்டினேன். கடைசி ஊசி போடும்போது அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

எல்லாம் முடிந்தபின் அதன் கால் ஐஸைப் பிரித்தேன். பாதி கரையாமல் இருந்தது. கொண்டுபோய் பிக்கெட் காலில் கட்டினேன். என்ன மனுஷி நான்?

ஜூலை 24

பிக்கெட் ஜூனோவின் காலி அறையையே பார்க்கிறது. யாரோ உள்ளே நடப்பது போலக் காதுகள் அந்தப் பக்கம் திரும்புகின்றன. "அங்க ஒண்ணுமில்லடா" என்றார் கிளைட். அதை ஏன் அவ்வளவு மெதுவாகச் சொன்னார்? ஐஸ் கரையக் கரைய மாற்றுகிறார். என்னிடம் தருவதில்லை.

ஆகஸ்ட் 2

பிக்கெட்டுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஐஸ் எடுத்தும் குளம்பு குளிர்ந்தே இருக்கிறது. நாடியைத் தேடினேன்.

"என்ன, தட்டுதா?"

"இருங்க."

விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கடைசியில் மெல்லிசாக, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு. நல்ல குளம்பில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

"தேட வேண்டியிருக்குங்க" என்றேன்.

கிளைட் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.