தட்டாமல் ஒலித்த வெண்கலப் பானை

என் உயிருக்கு உயிரான அக்கா,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. உன் தெவசத்துக்கு உன் பாத்திரத்தில்தான் சமைக்க வேண்டும் என்று அத்தான் பிடிவாதம் பிடித்தார். சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்த பித்தளை அண்டாவையும் வெண்கலப் பானையையும் முந்தின நாளே இறக்கினேன். தெஹியோவிட்டப் பக்கம் விடாத மழை. அந்த வாரம் முழுக்க ரப்பர் வெட்டக்கூட யாரும் போகவில்லை.

பானை எங்கும் பச்சைக் களிம்பு. ஊறவைத்த கொறக்காப் புளியில் சாம்பலைக் குழைத்து, நீ செய்வதைப் போலவே அடியிலிருந்து வாய்வரை வட்டமாகத் தேய்த்தேன். அண்டாவின் உட்புறத்தில் மட்டும் நார் படவிடவில்லை. ஈயம் போய்விட்டால் புளிக்குழம்பு நஞ்சாகிவிடும் என்பாயே. "ஈரத்தோட கவுக்காதடி, மறுபடி களிம்பு புடிச்சிரும்." நீ முதுகுக்குப் பின்னால் நின்று சொல்வது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. துடைத்து, இரண்டையும் பின்சுவரில் அடித்த பலகையில் அருகருகே கவிழ்த்தேன்.

மத்தியானம் அடுப்படியில் 'ணங்' என்று ஒரு சத்தம். பூனை என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். பூனை அடுப்போரம் இல்லை, காலையிலிருந்தே அதைக் காணோம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பானை மறுபடியும் ஒலித்தது. உள்ளங்கையை வைத்தேன். பேச வாயெடுத்து முடியாமல் தவிப்பவரின் தொண்டையைப் போல அது நடுங்கியது.

வாசலில் இருந்த அத்தான் எழுந்து வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நீ போனதிலிருந்து நான் பார்க்கவில்லை.

"ஒங்க அக்காதான். என்னயக் கூப்பிடுறா" என்றார். பலகைக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் சுவரைத் தொட்டேன். சுவரும் நடுங்கியது. பின்கதவைத் திறக்கப் பார்த்தேன், நிலை கோணிப்போய் அசையவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் கொப்பளித்து வருகிறது.

"அத்தான், எந்திரிங்க. மலை எறங்குது!"

"நீ போம்மா. நான் அவகூட இருக்கேன்."

இழுத்துப் பார்த்தேன். மனிதர் கல்லாக இருந்தார். பானை விடாமல் ஒலித்தது. என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னேன்: "கூப்பிடல அத்தான். வெளிய போகச் சொல்றா. காதக் குடுத்துக் கேளுங்க."

தலையைச் சாய்த்துக் கேட்டார். என்ன கேட்டதோ, மெதுவாக எழுந்தார்.

லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கக் கதவைத் தட்டிக்கொண்டே ஓடினேன். கீழ் ஊர் நந்தாவும் "நங்கி, கந்த எனவா!" என்று, 'தங்கச்சி, மலை வருது' எனச் சிங்களத்தில் கத்தியபடி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எல்லோரும் கோயிலை எட்டிய பிறகுதான் மலை சரியும் சத்தம். திரும்பிப் பார்த்தபோது நம் லயத்தின் பின்பாதி இல்லை. ஒரு உயிரும் போகவில்லை, அக்கா.

இப்போது எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். மண் நடுங்கினால் பாத்திரம் ஒன்றோடொன்று உரசி ஒலிக்கத்தான் செய்யும் என்று மண்சரிவை அளக்க வந்தவர்கள் சொன்னார்கள். சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் கை வைத்தபோது அந்தப் பானை அண்டாவைத் தொட்டுக்கொண்டிருந்ததா? எவ்வளவு யோசித்தாலும் இடையில் ஒரு விரல் இடைவெளிதான் கண்ணுக்கு வருகிறது.

அத்தான் தினமும் மேட்டைப் பார்த்து நிற்கிறார். மண்ணுக்குள்ளிருந்து இன்னும் கேட்கிறதாம். நேற்று யாருக்கும் சொல்லாமல் பாதித் தூரம் போய்விட்டார். கையைப் பிடித்துத்தான் கூட்டி வந்தேன்.

அன்றைக்கு நீ போகச் சொன்னாயா, வரச் சொன்னாயா? எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நீயே கூப்பிட்டாலும் சரி, அவருக்கு நேரம் வரும்வரை நான் கையை விட மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
சரசு